வயர்கார்டு: சின்ன ஆபீசுக்கு இந்த விபிஎன் போதும்

எங்களுடையது ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ். டேலியும் கிளையன்ட் ஃபைல்களும் உள்ளே ஒரு சர்வரில் இருக்கின்றன, ஜிஎஸ்டி கடைசித் தேதி நெருங்கினால் ராத்திரி வீட்டிலிருந்தும் அதற்குள் போயாக வேண்டும். இதற்காகப் பல இடங்களில் ரவுட்டரில் 3389 போர்ட்டைத் (வாசல் எண் மாதிரி) திறந்து, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குகிற ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற ரான்சம்வேர் கும்பல்கள் விடாமல் தேடுகிற வாசல்களில் இதுவும் ஒன்று, போர்ட் நம்பரை மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாங்கள் போட்டிருப்பது வயர்கார்டு, வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர இன்டர்நெட்டிலேயே பூட்டிய தனிப் பாதை போட்டுக்கொடுக்கிற விபிஎன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2020-ல் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்துவிட்டது. இன்னொரு விபிஎன்னான ஓப்பன்விபிஎன்னின் சர்ட்டிஃபிகேட்டுகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் கான்ஃபிக் ஃபைலைப் பார்த்தால் இவ்வளவுதானா என்றிருக்கும். போனுக்கு கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் முடிந்தது. சரியான கீ (கான்ஃபிக் ஃபைலில் இருக்கிற ரகசியச் சாவி) இல்லாமல் யார் தட்டினாலும் பதிலே வராது என்பதால் அங்கே ஒன்று ஓடுகிறது என்பதே வெளியே தெரியாது, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஆனால் நமக்கும் அதே மௌனம்தான். கீ தப்பாக இருந்தாலும் ஆப்பில் 'ஆக்டிவ்' என்றே பச்சையாகக் காட்டும், டேலி மட்டும் திறக்காது. 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' (சர்வரோடு கடைசியாகத் தொடர்பு கிடைத்த நேரம்) என்ற வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லையென்றால் கீயையோ வயர்கார்டு வழக்கமாகப் பயன்படுத்துகிற 51820 யுடிபி போர்ட்டையோ சரிபார்க்க வேண்டும். அப்புறம் 'அலவ்டு ஐபிஸ்', அதாவது எந்த முகவரிகளுக்குப் போவது விபிஎன் வழியாகப் போக வேண்டும் என்ற பட்டியல். அதில் 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று போட்டால் வீட்டில் பார்க்கிற யூடியூப்கூட ஆபீஸ் லைன் வழியாகத்தான் போகும், ஆபீஸ் நெட்வொர்க்கை மட்டும் கொடுத்தால் போதும். ஆபீசிலும் வீட்டிலும் நெட்வொர்க் முகவரி 192.168.1 என்றே தொடங்கினால் இன்னொரு கூத்து, ஹேண்ட்ஷேக் வந்தும் சர்வர் கிடைக்காது, லேப்டாப் அதை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஆபீஸ் பக்கம் வேறு ரேஞ்சுக்கு மாற்றிவிடுவது நல்லது.

பிராட்பேண்ட் கம்பெனி உங்களைச் சிஜிநாட்டுக்குப் (பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே வெளி ஐபி முகவரி) பின்னால் வைத்திருந்தால் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வருகிற இணைப்பை ரவுட்டர் வழியாகச் சர்வருக்கு அனுப்புவது, வேலைக்கே ஆகாது. எங்களுக்கு அதுதான் நடந்தது. கஸ்டமர் கேரில் கேட்டால் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்ற பதில்தான், கடைசியில் தனியாகக் காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி (நமக்கே நமக்கான மாறாத முகவரி) வாங்கினோம். அந்தச் செலவு வேண்டாமென்றால் இதே வயர்கார்டின் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் இருக்கிறது, போர்ட் திறக்காமலே வேலை செய்யும், ஆனால் யார் எந்த மெஷின் என்ற கணக்கு அவர்கள் சர்வரில் இருக்கும்.

வயர்கார்டில் பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் கிடையாது, லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கும் கீதான் எல்லாம். ஆளுக்கொரு கீ கொடுங்கள், ஒரே ஃபைலை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். யாராவது வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே சர்வரில் அவர் பியரை (அவர் கீக்கான பதிவை) எடுத்துவிட வேண்டும். பத்துப் பேர் வரை இதைக் கையாலேயே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் லாகினும் ஓடிபியும் சேர்ந்து வருகிற ஒன்றைக் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள்.