கூர்மூக்கு பேசினெட்: ஐந்து வருடம் அடி வாங்கியபின்

பேசினெட் என்பது இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் போட்ட எஃகு ஹெல்மெட்; என்னுடையதில் எஃகைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து வருடத்துக்கு மேலாக பூஹர்ட் களத்தில் கோடாரியும் வாளும் விழுந்த மண்டைப் பகுதியில், விரலால் தடவினால் தெரிகிற சில ஒடுக்குகள்தான் மிச்சம். தேய்ந்ததும் அறுந்ததும் எல்லாம் உள்மெத்தை, தோல் வார், ரிவெட் மூன்றும்தான். ஹெல்மெட் வாங்கப் போகிறவர்கள் எஃகின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூஹர்ட் தெரியாதவர்களுக்கு: முழுக் கவசத்தோடு ஐவருக்கு ஐவர் மோதும் விளையாட்டு. நிஜ எஃகு ஆயுதம், ஆனால் மழுங்கியது. குத்தக் கூடாது. பிடரி, முழங்காலின் பின்புறம், பாதம் இங்கெல்லாம் அடிக்கக் கூடாது. பாதம் தவிர உடம்பில் வேறெது தரையைத் தொட்டாலும் அந்தச் சுற்றில் அவுட். தலையில் ஓங்கிப் போடலாம், போடுவார்கள்.

என்னுடையது கிழக்கு ஐரோப்பாவில் ஒரு சின்னப் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்தது. மாதிரி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் காட்சியகத்தில் இருக்கும் ‘லைல் பேசினெட்’. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் செய்யப்பட்டது. வைசர், அதாவது முகத்தை மூடும் தகடு, முன்னால் கூராக நீண்டிருப்பதால் நேராக வரும் அடி வழுக்கிப் போய்விடும். வாய்க்கு முன்னால் மூச்சுவிடக் கொஞ்சம் இடமும் கிடைக்கும். மண்டை 2 மி.மீ., வைசர் 1.5 மி.மீ., இரண்டுமே பதமேற்றிய ஸ்பிரிங் ஸ்டீல். கழுத்துச் சங்கிலி வலையோடு சேர்த்து ஆறு கிலோ வரும். தடிமனை கேஜில் சொல்லி விற்பவர்களிடம் கவனம்: எண் கூடக்கூட தகடு மெலியும். 18 கேஜ் என்பது ஏறக்குறைய 1.2 மி.மீ.தான். அலமாரியில் வைக்கலாம், தலையில் வைத்து அடி வாங்க முடியாது.

மெத்தை விஷயத்துக்கு வருகிறேன். வந்தபோது லினன் துணிக்குள் பஞ்சடைத்துத் தைத்த மெத்தை இருந்தது. முதல் சீசனில் அருமை. பிறகு பஞ்சு வேர்வையில் ஊறிக் காய்ந்து, அடி அதிகம் விழுகிற நெற்றிப்பொட்டுப் பக்கம் அப்பளமாகிவிட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோதிக்க எளிய வழி: வாரை இறுக்கிக் கட்டி, தலையைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்புங்கள். ஹெல்மெட் அரை நொடி தாமதமாகத் திரும்பினால் மெத்தை போய்விட்டது. எஃகு மண்டையோட்டைக் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதை மட்டுப்படுத்துவது மெத்தையின் வேலை, அதுவும் ஓரளவுக்குத்தான். இப்போது தண்ணீர் உறிஞ்சாத கெட்டி ஃபோமைப் போட்டு, மேலே லினன் தைத்திருக்கிறேன். ஆனாலும் அடிக்குப் பிறகு தலை கிறுகிறுத்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, எந்த மெத்தை இருந்தாலும் சரி.

அடுத்து தாடை வார். எதிராளி கோடாரியின் கொக்கிப் பக்கத்தை ஹெல்மெட்டின் பின்விளிம்பில் மாட்டி இழுப்பது இங்கே சர்வசாதாரணம். இரண்டு முனையில் மட்டும் பிடித்த வார் என்றால் ஹெல்மெட் நகர்ந்து, கண் துவாரம் கண்ணை விட்டு விலகிவிடும். குருடராக நிற்க வேண்டியதுதான். நான்கு முனையில் பிடிக்கும் ஒய் வடிவ வாருக்கு மாறியபின் அந்தத் தொல்லை இல்லை.

வைசரின் கீல் ஆணி தளர்ந்து கடகடவென்று ஆடத் தொடங்கியது; ரிவெட்டின் தலையைச் சுத்தியலால் தட்டி இறுக்கியதும் சரியாகிவிட்டது. சங்கிலி வலையைத் தாங்கும் தோல் பட்டைதான் உப்பு வேர்வையில் வெடித்து நூல் நூலாகப் பிரிந்தது. புதுப் பட்டை தைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. துரு வெளியே வருவதில்லை, மெத்தையின் ஓரத்தில் ஒளிந்து வருகிறது. ஆட்டம் முடிந்ததும் வைசரைக் கழற்றி, மெத்தையை வெளியே எடுத்து உலர்த்தி, எஃகுக்கு எண்ணெய் போட்டால் போதும். குளிர்காலத்தில் எடுத்து வைக்கும்போது மியூசியங்களில் பூசுகிற மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு பூசுகிறேன்.

இதையே, பழைய காலத்து உடையும் கவசமும் அணிந்து அந்தக் கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் வரலாற்று முகாம்களுக்கும் போட்டுப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கண் துவாரத்தில் கூடுதலாக வைத்த கம்பிகளும் உள்ளேயிருக்கும் ஃபோமும் பக்கத்தில் வந்து பார்ப்பவரிடம் காட்டிக்கொடுத்துவிடும். காலமும் பொருந்த வேண்டும். ஜூலையில் இங்கிலாந்தின் டியூக்ஸ்பரியில் 1471ஆம் ஆண்டுப் போரை நடித்துக் காட்டுகிறார்கள். அங்கே இந்த பேசினெட் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பழசு, சாலட் (sallet) என்ற பிற்கால வகை ஹெல்மெட்தான் சரி. முகாமுக்கு மட்டும் போகிறவருக்கு 1.6 மி.மீ. சாதா எஃகில், முகம் திறந்த ஹெல்மெட் போதும். விலை குறைவு, பார்வையாளர்களோடு பேசவும் முடியும்.

பழசாக வாங்குவதாக இருந்தால் மெத்தையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ரிவெட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா, நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒடுக்கெடுத்த சுத்தியல் தடம் நெருக்கமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மறுபடி மறுபடி ஒடுக்கெடுத்த இடம் விறைத்து, ஒருநாள் வெடிக்கும். கழற்றித் தர மாட்டேன் என்றால் பேரமே வேண்டாம்.