பார்மேனியன் வீடா, ஆன்டிபேட்டர் வீடா?

கி.மு. 334இல் அலெக்சாண்டர் ஆசியாவுக்குப் படையோடு கிளம்பியபோது, மாசிடோனியப் பிரபுக் குடும்பங்களில் இரண்டு உச்சத்தில் இருந்தன. இரண்டின் தலைவர்களும் அவருடைய தந்தை பிலிப்பின் நம்பிக்கைக்குரியவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள்.

பார்மேனியன் அரசரோடு போனார். மகன் பிலோட்டாஸின் கையில் 'தோழர்' எனப்பட்ட உயர்குடிக் குதிரைப்படை, இன்னொரு மகன் நிக்கானோரின் கையில் கேடயக் காலாட்படை. பெரிய போர்களில் இடப்பக்கம் முழுக்கத் தந்தையின் பொறுப்பு. ஆன்டிபேட்டருக்குக் கிடைத்ததோ ஊர்க்காவல்: 12,000 காலாட்களையும் 1,500 குதிரை வீரர்களையும் வைத்துக்கொண்டு கிரேக்க நகரங்களை அடக்கி வைக்க வேண்டும். ஸ்பார்ட்டா அரசர் மூன்றாம் ஏகிஸை அவர் மெகலோபோலிஸில் வீழ்த்தியதைக்கூட அலெக்சாண்டர் 'எலிச்சண்டை' என்றாராம்.

அப்போது பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் எல்லாரும் பார்மேனியன் வீட்டின் மேல்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் அந்த வீடு நான்கே ஆண்டுகளில் அழிந்தது. இளைய மகன் ஹெக்டர் நைல் நதியில் மூழ்கி இறந்தான். கி.மு. 330இல் நிக்கானோர் நோயில் போனார். அதே ஆண்டு, அரசரைக் கொல்லச் சதி நடப்பது தெரிந்தும் பிலோட்டாஸ் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சித்திரவதை, மரண தண்டனை. எக்பட்டானாவில் (இன்றைய ஈரானில்) இருந்த தந்தைக்குச் செய்தி எட்டும் முன்பே அலெக்சாண்டரின் ஆள் ஒட்டகங்களில் பாய்ந்தது. கடிதம் கொண்டுபோனவர் பார்மேனியனின் நண்பர் பாலிடமாஸ். முதியவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே குத்திக் கொன்றார்கள். எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறாத இடம் இது.

ஆன்டிபேட்டரின் பலம் மகள்கள் என்பார்கள். அலெக்சாண்டரின் தளபதிகளான மூவருக்கு, பிலாவைக் கிராட்டரஸுக்கும், யூரிடிசியைத் தாலமிக்கும், நிக்காயாவைப் பெர்டிக்காஸுக்கும் கொடுத்தார். சரி, பார்மேனியனுக்கும்தான் மருமகன் இருந்தார். அந்தக் கோய்னஸ் விசாரணையில் மைத்துனர் பிலோட்டாஸையே கடுமையாகச் சாடினார். அரசர் உயிரோடு, அதுவும் பக்கத்திலேயே இருக்கும்போது சம்பந்தம் எதையும் காக்காது. ஆன்டிபேட்டரோ தொலைவில் இருந்தார். இந்த மூவருக்கும் பெண் கொடுத்தது கி.மு. 323இல் அலெக்சாண்டர் இறந்த பிறகு. என் கணக்கில் அவர் வீட்டைத் தூக்கி நிறுத்தியது இந்தத் தூரமும் நேரமும்தான்.

மகன் கசாண்டர் அரசரானார், அலெக்சாண்டரின் வாரிசையே கொல்ல வைத்தார். ஆனாலும் அவர் பிள்ளைகளோடு ஆண்வழி ஆட்சி முடிந்தது. அப்புறம் மாசிடோனியாவை ஆண்டது பிலா பின்னர் மணந்த டெமெட்ரியஸுக்குப் பெற்ற மகன் ஆன்டிகோனஸ் கோனாட்டாஸின் வம்சம். அதை கி.மு. 168இல் ரோம்தான் வீழ்த்தியது.