டோவர் ஏர் மொபிலிட்டி கமாண்ட் அருங்காட்சியகம்: சரக்கேற்றியவர்களின் பக்கத்திலிருந்து

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், டோவர் விமானப்படைத் தளத்தின் ஓரமாக அமைந்திருக்கும், அமெரிக்க விமானப்படையின் போக்குவரத்துப் பிரிவான ஏர் மொபிலிட்டி கமாண்டின் பெயர் தாங்கிய இந்த அருங்காட்சியகத்துக்குச் சண்டை விமானங்களை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். இங்கே முதல் மரியாதை சரக்கு விமானங்களுக்குத்தான். நுழைவுக் கட்டணமும் இல்லை, வாகனம் நிறுத்தக் கட்டணமும் இல்லை. தளத்தின் பிரதான வாயிலுக்குப் போகாமல் 9-ஆம் எண் சாலை வழியாக வர வேண்டும். கைப்பேசி காட்டிய வழியை நம்பி, துப்பாக்கி ஏந்திய காவலர்முன் போய் நின்று அசடு வழியத் திரும்பியவன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தேடிப் போனது, பகுதிநேரமாகப் பணியாற்றி, தேவைப்படும்போது முழுநேரப் பணிக்கு அழைக்கப்படும் ரிசர்வ் படையினரின் தடங்களை. 1949-இல் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் தொடங்கப்பட்ட ரிசர்வ் விமானப் பிரிவான 512-ஆவது விங், கொரியப் போருக்காக 1951-இல் அழைக்கப்பட்டபோது, அதன் ஆட்கள் மற்ற பிரிவுகளின் பற்றாக்குறையை நிரப்பப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 1962-இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது மீண்டும் அழைப்பு வந்தது. 1973-இல் டோவருக்கு வந்த பிறகோ அதற்கென்று சொந்த விமானமே கிடையாது; முழுநேரப் பிரிவான 436-ஆவது விங்கின் விமானங்களையே இவர்களும் ஓட்டுகிறார்கள், பழுது பார்க்கிறார்கள், சரக்கும் ஏற்றுகிறார்கள். மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் என்பது ரிசர்வ் பணியின் குறைந்தபட்சக் கணக்கு.

அந்தக் கணக்குக்கு வெளியே அவர்கள் செய்த ஒரு வேலைதான் இந்த அருங்காட்சியகத்துக்கே விதையானது. 1944 மே மாதத்தில் சேதமடைந்து சுவீடனில் தரையிறங்கிய ‘ஷூ ஷூ பேபி’ என்ற பி-17 குண்டுவீச்சு விமானம், 1978-இல் பிரித்த பாகங்களாக டோவருக்கு வந்து சேர்ந்தது. 512-ஆவது விங்கைச் சேர்ந்த தன்னார்வலர்கள் பத்தாண்டுகள் உழைத்து அதைச் செப்பனிட்டார்கள்; 1988-இல் அது தானே பறந்து ஒஹையோவின் டேட்டன் நகருக்குப் போனது. விமானம் இங்கே இல்லாவிட்டாலும், அந்தக் கைகளின் பழக்கம் இங்கே தங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. அருங்காட்சியகம் 1986-இல் உருவானது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராக்கெட் சோதனைகளுக்குப் பயன்பட்ட 1301-ஆம் எண் ஹேங்கர் என்னும் விமானக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தது.

வெளியே நிற்பவற்றுள் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியது சி-5ஏ கேலக்ஸி என்னும் ராட்சதச் சரக்கு விமானம். 1974 அக்டோபர் 24 அன்று, ஏறத்தாழ 39 டன் எடையுள்ள மினிட்மேன் ஏவுகணையைப் பசிபிக் கடலுக்குமேல் பாராசூட்டுகள் பின்வழியாக வெளியே இழுக்க, அது கீழிறங்கும்போதே எஞ்சினை எரியவைத்துச் சோதித்தது இதே விமானத்திலிருந்துதான். அத்தனை எடையும் விமானத்தின் உள்தரைமீது வழுக்கிக்கொண்டு வால்பக்கம் நகரும்போது விமானத்தின் சமநிலை என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, உள்ளே அந்த நீண்ட தரையில் நின்று யோசித்தால்தான் உறைக்கிறது.

விமானங்களைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பேலட் என்னும் சரக்குத் தட்டு. நடுவில் பால்சா மரம், மேலும் கீழும் அலுமினியத் தகடு. 274-க்கு 224 செ.மீ. அளவு, விளிம்பைச் சுற்றி வலையை மாட்டிக் கட்ட 22 வளையங்கள். நாலரை டன் தாங்கும் இந்தத் தட்டுகளில் 36 ஒரு சி-5-க்குள் அடங்கும். ஒவ்வொன்றின் எடையையும் கணக்கிட்டு, எது முன்னே, எது பின்னே என்று விமானத்தில் சரக்கேற்றப் பொறுப்பாளரான லோட்மாஸ்டர் முடிவு செய்த பிறகே உருளைகளின்மேல் தள்ளி உள்ளே பூட்டுகிறார்கள். எந்த ஊர்ப் போருக்கும் எந்த ஊர் வெள்ள நிவாரணத்துக்கும் இதே தட்டு, இதே வலைதான்.

திங்கட்கிழமை விடுமுறை. விமானி அறைகளைத் திறந்துவிடும் நாட்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். பழைய லோட்மாஸ்டர் யாராவது வழிகாட்டியாக வாய்த்துவிட்டால் மதிய உணவைத் தள்ளிப் போடத் தயாராக இருங்கள்.