ஏ.ஏ. மீட்டிங்: காசு கேட்க மாட்டார்கள், வாசலைத்தான் தேட வேண்டும்

குடியை நிறுத்த நினைக்கிறவருக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அளவுக்கு மலிவான உதவி வேறு இல்லை. கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை, ஆதார் நகல் இல்லை. குடியை விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசியே தெளிந்ததில் தொடங்கிய முறை. இன்றும் அந்தப் பேச்சுதான் மருந்து.

திண்டாட்டம் எல்லாம் மீட்டிங் நடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான். விளம்பரம் செய்வதில்லை என்பது ஏ.ஏ.வின் மரபு. அதனால் கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை காசு கொடுத்து விளம்பரம் செய்யும் தனியார் போதை மறுவாழ்வு மையங்கள். போன் எடுத்தவர் வீட்டு முகவரி கேட்டாலோ, மாதத்துக்கு இவ்வளவு என்றாலோ, ‘வண்டி அனுப்பித் தூக்கிக்கொள்கிறோம்’ என்றாலோ அது ஏ.ஏ. இல்லை, வைத்துவிடலாம். ஏ.ஏ.வுக்குப் படுக்கையும் கிடையாது, வண்டியும் கிடையாது. உள்நோயாளியாகச் சேரத்தான் வேண்டும் என்றால், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மையம் பதிவு பெற்றதா என்று முதலில் சான்றிதழைக் கேளுங்கள்.

சரியான வழி, ஏ.ஏ. இந்தியப் பொதுச்சேவை அலுவலகத்தின் இணையதளம். ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியல் இருக்கும். அதை மட்டும் நம்பிக் கிளம்பினால் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். பல குரூப்கள் சர்ச் ஹாலிலோ பள்ளி வகுப்பறையிலோ இரவல் இடத்தில் கூடுகின்றன. தேர்வு வந்தால், திருவிழா வந்தால் இடம் மாறும், பட்டியல் மாறாது. போகிற அன்றைக்கே போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள். இன்று கூட்டம் உண்டா? தமிழிலா, ஆங்கிலத்திலா? ஓப்பனா, குளோஸ்டா? எந்த வாசல், எந்த மாடி? கடைசிக் கேள்விதான் முக்கியம். மேப் முன்கேட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். கூட்டமோ பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, ஒற்றை டியூப்லைட் எரியும் அறையில் நடக்கும். புது ஆள் என்று சொன்னால் வாசலுக்கு ஒருவரை அனுப்புவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஓப்பன் மீட்டிங்கில் மனைவி, அண்ணன், நண்பர் என்று யாரும் உட்காரலாம். குளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர் மட்டும். இதைக் கேட்காமல் குடும்பத்தோடு போய், மனைவியை வெளியே உட்கார வைத்து, அந்தக் கோபத்திலேயே மறுவாரம் போகாமல் விடுவது அடிக்கடி நடக்கும் கூத்து. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது. குடிப்பவர் நிறுத்தாவிட்டாலும் குடும்பத்தார் அங்கே போகலாம்.

உள்ளே ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். பிரார்த்தனை, முகவுரை வாசிப்பு, பிறகு ஷேரிங். ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கி அவரவர் கதை. குறுக்கே பேசக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. புதியவர் பேசியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ‘கேட்க மட்டும் வந்தேன்’ என்றால் விட்டுவிடுவார்கள். கடைசியில் உண்டியல் பை சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடுவது அது. புதியவர் அப்படியே அடுத்தவரிடம் நகர்த்தலாம். குடித்துவிட்டு வந்தவரையும் பொதுவாக விரட்டுவதில்லை, அன்றைக்குப் பேசாமல் உட்காரச் சொல்வார்கள்.

கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில். டாஸ்மாக் கடை மதியம் 12 முதல் இரவு 10 வரை. வேலை முடிந்து கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் அந்த நேரத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடத்திவிட முடிகிறதே, என் கணக்கில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளுக்கும் முந்தைய முதல் பலன் அதுதான். பழைய ஆட்கள் 90 நாளில் 90 மீட்டிங் என்பார்கள். தினமும் கூட்டம் இல்லாத ஊரில் ஆன்லைன் கூட்டத்தைச் சேர்த்துத்தான் அதைச் சமாளிக்க வேண்டும். ஜூமில் நுழையும் முன் காட்சிப் பெயரை மாற்றிவிடுங்கள். ஆபீஸ் கணக்கிலேயே நுழைந்தால் முழுப்பெயர் திரையில் வந்து நிற்கும். அப்புறம் என்ன அனானிமஸ்?

குறைகளும் உண்டு. ‘நமக்கு மேலான சக்தி’ என்ற பேச்சு கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு உறுத்தும். அவரவர் விருப்பப்படி பொருள்கொள்ளலாம் என்பது விதி, ஆனால் சில குரூப்களில் பக்தி வாடை தூக்கல். பெண்கள் குறைவு, பெண்களுக்கென்று தனிக் கூட்டம் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. குரூப்புக்கு குரூப் தரம் மாறும். ஒன்று பிடிக்கவில்லை என்றால் வேறு இரண்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இது வெறும் பேச்சுக் கச்சேரி என்று தள்ளவும் முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடியை முழுதாக விட்டிருப்பதில், ஏ.ஏ.வும் அதை நோக்கி முறைப்படி ஆளைத் திருப்பிவிடும் சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, சிலவற்றை மிஞ்சவும் செய்தன என்பது அதன் முடிவு.

ஏ.ஏ.வால் முடியாதது மருத்துவம். பல வருடம் தினமும் குடித்தவர் மீட்டிங் தந்த வேகத்தில் ஒரே நாளில் நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வது போலத் தெரிவதும் ஆள் அடையாளம் குழம்புவதும் வந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் கட்டிப்போட்டுச் சமாளிக்கிற காரியம் இல்லை. காலையில் எழுந்ததும் கை நடுங்கிக் குடிப்பவராக இருந்தால், முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், மீட்டிங் அதன் பிறகு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா தேசிய போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் வேறு யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக 108.