பெரிய டெக்சிக்கு அடுப்பில்லாத விடுமுறை வீடு

தைப்பூசக் காவடிக்காக மொரீசியசுக்குத் திரும்பி வரும் ஒரு தமிழ்க் குடும்பம், தானே சமைத்து உண்ணும் வசதியுள்ள விடுமுறை வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று யாரேனும் என்னைக் கேட்டால், அடுப்பைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். நீச்சல்குளத்துக்கும் கடல் தெரியும் மாடிக்கும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளுக்கும் விளம்பரத்தில் படங்கள் நிறையவே இருக்கும். அடுப்பின் படம் இருந்தால், அது எங்கோ தொலைவில், பழக்கூடைக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும். எடின்பரோவிலிருந்து இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் விமானம், வாடகைக் கார், படுக்கை அறைகள் எதிலும் குறையில்லை. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அடுப்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரோஸ் ஹில்லில் இருந்த தாத்தாவின் வீடு பாகம் பிரிந்த பிறகு, எல்லாரும் சேர்ந்து தங்குவதற்கு ஊரில் எங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. அண்ணன் குடும்பம் மெல்போர்னிலும் தங்கை குடும்பம் பாரிசிலும் நாங்கள் ஸ்காட்லாந்திலும் இருக்கிறோம். அத்தை மட்டும் ரோஸ் ஹில்லிலேயே, பாகத்தில் கிடைத்த சிறு வீட்டில் இருக்கிறார். கொடியேற்றம் தொடங்கிக் காவடி வரையிலான பத்து நாள் விரதத்தை இந்த ஆண்டாவது அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து கடைப்பிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. காவடி எடுப்பது காத்ர் போர்னில், கோர் த கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோயிலில். அங்கே காரில் எளிதாகப் போய்விடலாம் என்பதாலும், சிறு வயதில் ஆண்டிறுதி விடுமுறைகளைக் கழித்த கடற்கரை என்பதாலும், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் வீடு தேடினோம்.

அந்தக் காலத்துக் கம்ப்மான்களை, அதாவது கடற்கரை விடுமுறை வீடுகளை, அறிந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. லாரியில் மெத்தைகள் ஏறும், 12 கிலோ எரிவாயு உருளை ஏறும், டெக்சி என்னும் பெரிய சமையல் பாத்திரங்களும் கரே என்னும் இரும்பு வாணலியும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டு ஏறும், கடைசியில் பாட்டியின் மேற்பார்வையில் அம்மியும் குழவியும் ஏறும். கம்ப்மான் எங்களுக்குக் கொடுத்தது கூரை, குழாய், சவுக்கு மர நிழல் ஆகியவை மட்டுமே. அது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் ஏமாறவில்லை. இன்று அதே கடற்கரையில் நிற்கும் வீடுகள் எல்லாம் தயாராக இருக்கிறது, உடைகளோடு மட்டும் வாருங்கள் என்று சொல்லி, மொரீசியஸ்காரர்களிடமும் யூரோவில் வாடகை கேட்கின்றன. அப்படிச் சொல்லிப் பணம் வாங்கும் வீடு தன் சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

முன்பணம் அனுப்புவதற்கு முன்பே நான் உரிமையாளருக்குத் தெளிவாக எழுதியிருந்தேன். வருகிறவர்கள் 12 பேர் என்றும், விரத காலம் என்பதால் மூன்று வேளையும் வீட்டிலேயே மரக்கறி உணவு சமைப்போம் என்றும், பெரிய பாத்திரங்கள் வைக்கும்படியான அடுப்பு இருக்கிறதா என்றும் கேட்டிருந்தேன். சமையலறை 12 பேருக்கும் முழுமையாகப் பொருத்தப்பட்டது, எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்று அன்றே பதில் வந்தது.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் பிற்பகல், அத்தை ரோஸ் ஹில்லிலிருந்து தம் விரதப் பாத்திரங்களோடு வந்து இறங்கினார். மீனும் இறைச்சியும் படாமல் தனியே எடுத்து வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை, காவடிக்கும் புரட்டாசிக்கும் மட்டும் பரணிலிருந்து இறங்கும் பாத்திரங்கள் அவை. அவற்றில் பெரியது, விளிம்பு அகன்ற அலுமினிய டெக்சி. குடும்பத்துக்கே சோறு வடித்த பாத்திரம். விடுமுறை வீட்டின் அலமாரியில் இருப்பவற்றில் முன்பு தங்கியவர்கள் என்ன சமைத்தார்களோ தெரியாது என்பதால், அவற்றைத் தொடுவதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். எப்படிப் பார்த்தாலும் அவை எங்களுக்கு உதவியிருக்காது; இருந்தவற்றுள் பெரிய பாத்திரத்தில் நான்கு பேருக்கு மேல் சோறு வைக்க முடியாது. ஒயின் கோப்பைகள் மட்டும் மூன்று தட்டுகளில் வரிசையாக நின்றன.

அடுப்பு என்று அங்கே இருந்தது, மேடைக் கல்லில் பதித்த ஒரு கறுப்புக் கண்ணாடித் தளம். அத்தை அதைத் துடைத்துவிட்டு, டெக்சியில் நீர் நிரப்பி மேலே வைத்தார். தங்கை மகன் பொத்தானைத் தொட்டான். தளம் மூன்று முறை ஒலியெழுப்பி, ஏதோ ஒரு குறியைக் காட்டிவிட்டு அணைந்துபோயிற்று. வேறு வட்டத்தில் வைத்தோம். அங்கும் அதே ஒலிதான். பித்தளைச் செம்பை வைத்துப் பார்த்தோம், அதற்கும் அசையவில்லை. இண்டக்ஷன் அடுப்பு தானே சூடேறுவதில்லை. அது எழுப்பும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடிப்பகுதியில் மின்னோட்டத்தைத் தூண்டி, அந்தப் பாத்திரத்தைச் சூடாக்குகிறது. அதனால் காந்தம் ஒட்டும் இரும்பு, அதற்கேற்ற எஃகு ஆகியவையே பெரும்பாலான இண்டக்ஷன் அடுப்புகளுக்கு ஏற்றவை. அலுமினியம், பித்தளை, செம்பு, மண்சட்டி எதையும் அவை ஏற்பதில்லை. நம் வீடுகளில் விரதத்துக்கென்று தலைமுறையாகக் காத்து வைத்திருக்கும் பாத்திரங்களில் எது இரும்பு? கரே ஒன்றுதான். அதன் அடியும் உருண்டையாக இருப்பதால் சமதளக் கண்ணாடியில் நிற்காது. எடின்பரோவில் என் வீட்டிலும் இதே வகை அடுப்புதான் இருக்கிறது, நான்கு பேருக்கு அது மிக நல்ல அடுப்பு. மொரீசியசில் 12 பேர் தங்கலாம் என்று விளம்பரம் செய்யும் ஒரு வீட்டில், அது ஒன்றை மட்டும் வைத்துவிட்டு முழுமையான சமையலறை என்று எழுதுவது சரியில்லை.

அத்தை ஒன்றும் பேசவில்லை. டெக்சியில் இருந்த நீரை வெளியே செடிகளுக்கு ஊற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அவர் கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மரியாதையாகவே பேசினார். அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் எல்லாம் அந்த அடுப்புக்கு ஏற்றவை என்றார். அதிகம் சமைக்க வேண்டுமானால் மாடியில் இறைச்சி சுடும் கரியடுப்பு இருக்கிறது என்றார். அதன் கம்பிகளில் முந்தைய விருந்தின் கொழுப்பு அப்படியே உறைந்திருந்தது. விரதம் என்று நான் மறுபடியும் சொன்னபோது, அருகில் நல்ல உணவகங்கள் உண்டு, மரக்கறி உணவை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்றார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், பக்கத்துத் தெருவில் ஆண்டுதோறும் காவடி போவதைப் பார்த்திருக்கக்கூடிய ஒருவர், அப்படிச் சொன்னதைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்றால் கடலும் நீச்சல்குளமும் தேடி வருகிறவர் என்றே அந்த வீடு நினைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் ஊர்க்காரர்களும் உண்டு என்பது அதைக் கட்டியவரின் கணக்கில் இல்லை.

ஸ்காட்லாந்தில் கோடைதோறும் மலைப்பகுதியில் சிறு வீடு எடுத்துத் தங்குவது எங்கள் வழக்கம். அங்கே குறுகிய கால வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் உரிமம் கட்டாயம்; உரிம எண்ணை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும், எத்தனை பேர் தங்கலாம் என்பதும் உரிமத்தோடு வரையறுக்கப்படுகிறது. நாங்கள் வழக்கமாகத் தங்கும் வீட்டில் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும்: தட்டு எத்தனை, பாத்திரம் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர், அடுப்பு எந்த வகை. மொரீசியசிலும் சுற்றுலா வீடுகளுக்குச் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. இந்த வீட்டுக்கும் உரிமம் இருந்தது. ஆனால் உரிமத்தைப் பார்த்து அடுப்பைத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த ஒற்றைத் தாள் பட்டியலை அலமாரியில் ஒட்டுவதற்கும் விளம்பரத்தில் சேர்ப்பதற்கும் உரிமையாளருக்கு ஒரு ரூபாய் செலவாகாது.

அன்று மாலை எங்களைக் காப்பாற்றியவர், வீட்டைச் சுத்தம் செய்ய பாம்பூ கிராமத்திலிருந்து வரும் பெண்மணி. கிரியோல் கிறித்தவர், அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் காவடியைப் பார்த்தே வளர்ந்தவர். திண்ணையில் டெக்சியோடு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, நாங்கள் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. இருட்டுவதற்குள் கணவரின் வேனில் மூன்று கால் இரும்பு அடுப்பும், நிறைந்த எரிவாயு உருளையும், கடற்காற்றைத் தடுக்க ஒரு துத்தநாகத் தகரமும் வந்து இறங்கின. “கழுவித்தான் கொண்டுவந்தேன், தந்தின். உங்கள் மனத்துக்கு நீங்களும் ஒரு தடவை கழுவிக்கொள்ளுங்கள்” என்றார். தந்தின் என்றால் கிரியோலில் அத்தை. அத்தை அந்த அடுப்பை மஞ்சள் நீரால் கழுவினார். அடுப்புக்கு வாடகையாக ஒரு காசும் அந்தப் பெண்மணி வாங்கவில்லை. உருளையின் விலையை மட்டும், மிகவும் வற்புறுத்திய பிறகு எடுத்துக்கொண்டார். ஸ்காட்லாந்து வீடுகளில் பட்டியல் இருக்கும், சான்றிதழ் இருக்கும், கதவருகே எண் பூட்டு போட்ட சாவிப்பெட்டி இருக்கும். ஆண்டுக்கணக்காகத் தங்கியும் அந்த வீட்டாரின் முகத்தை நான் பார்த்ததில்லை. இந்த ஒரு மாலைப்பொழுதுக்காகவே ஊருக்கு வரலாம் என்று அப்போது தோன்றியது. அதே வேளையில், அவர் வராத நாளாக அது இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்ற எரிச்சலும் தீரவில்லை. நல்ல மனிதர்கள் இருப்பதை நம்பி ஒரு வீட்டை வாடகைக்கு விடக் கூடாது.

பின்கட்டில், தகரத்தின் மறைவில், அந்த டெக்சியில் சோறு கொதித்தது. பலாக்காய்க் கறியும் பூசணிக்காயும் வாழைக்காயும் ரசமும் பச்சடியும் அந்த ஒரே அடுப்பில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. சமையல் முடிந்ததும் அடுத்த சிக்கல் தொடங்கியது. டெக்சி கழுவும் தொட்டிக்குள் நுழையவில்லை. பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லும் அதன்மேல் ஒரு குழாயும் இருக்கும். எவ்வளவு பெரிய பாத்திரமானாலும் அங்கே கவிழ்த்துத் தேய்த்துவிடலாம். இந்த வீட்டில் வெளியே இருந்த ஒரே குழாய் நீச்சல்குளத்தருகே கால் கழுவுவதற்கானது. அங்கே வைத்துத்தான் கழுவினோம்.

நீரும் கவனிக்க வேண்டியதே. தீவின் மேற்குக் கரை மழை குறைந்த பகுதி. கோடை மழை தாமதமானால், மிகப் பெரிய நீர்த்தேக்கமான மார் ஓ வாக்வா உட்பட எல்லாவற்றிலும் மட்டம் இறங்கி, குழாய் நீர் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வரும். விளக்கேற்றுவதற்கு முன் காலையும் மாலையும் குளிக்கும் வீட்டில், 12 பேருக்கு மாடித் தொட்டியின் கொள்ளளவு என்ன என்பது அற்பமான கேள்வியல்ல. எங்களுக்கு நீர் போதுமான அளவு கிடைத்தது என்பதால் இதை நீட்டவில்லை.

மின்சார அடுப்பை மட்டும் நம்பக் கூடாது என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரியில், புயற்காலத்தின் நடுவில். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் போர்ட் லூயியில் கார்களை வெள்ளத்தில் அடித்துச் சென்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்; அந்த ஆண்டு காவடி அதற்குப் பத்து நாளில் வந்தது. புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு ஏறிவிட்டால் வீட்டை விட்டு வெளியே போக முடியாது, கடைகள் மூடிவிடும், மின்சாரம் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்போது எரிவாயு அடுப்பு இருக்கும் வீட்டில் சோறு இருக்கும். நாங்கள் இருந்தபோது புயல் வரவில்லை. வந்திருந்தால் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஒரு குவளைத் தேநீர்கூடப் போட்டிருக்க முடியாது.

ஆகவே காவடிக்கோ புரட்டாசிக்கோ ஊருக்கு வந்து வீடு எடுக்க நினைப்பவர்கள், சமையலறை முழுமையானது என்ற பதிலோடு நின்றுவிட வேண்டாம். அடுப்பை நேர் மேலிருந்து எடுத்த படத்தையும், அலமாரிகளைத் திறந்து வைத்து எடுத்த படத்தையும், வெளிக்குழாயின் படத்தையும் கேளுங்கள். மாடித் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். திறந்த வெளியில் எரிவாயு அடுப்பு வைக்க வீட்டு விதிகள் இடம் தருகின்றனவா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த அனுமதி தொலைபேசியில் நெடுநேரம் பேசிய பிறகே கிடைத்தது. வயதானவர்கள் உடன் வந்தால் கீழ்த்தளத்தில் ஒரு படுக்கை அறை கட்டாயம் வேண்டும். படம் அனுப்பத் தயங்கும் உரிமையாளரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

திரும்பி வந்ததும் இவை அனைத்தையும் உரிமையாளருக்கு விரிவாக எழுதினேன். பின்கட்டில் நிரந்தரமாக ஓர் எரிவாயு அடுப்பும் பெரிய கழுவும் தொட்டியும் அமைக்கப் போவதாகப் பதில் எழுதியிருக்கிறார். அமைத்த பிறகு படம் அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். அது வரும் வரை, கடலில் குளிக்க வருகிறவர்களுக்கு அந்த வீட்டைத் தாராளமாகச் சொல்வேன். விரதம் இருக்க வருகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.