டஞ்சனின் பெட்டியா, ராவியோவின் கடையா?

'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்' விளையாட்டில் உயிர் போய் விழுந்தால் ஒரு சின்னப் பறவை வரும். பெயர் ஷீரோ. ஆறுதல் சொல்ல வருகிறது என்றுதான் முதல்முறை நினைத்தேன். வந்தது வசூலுக்கு. வாடகைக்கு எடுத்திருந்த வில், பூமராங், சுத்தியல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டது. மறுபடி ஆட்டம் தொடங்கும்போது என் கையில் இருந்தது வாளும் கொஞ்சம் சில்லறையும்தான்.

2013இல் நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வந்த இந்த ஆட்டம், செல்டா வரிசை அதுவரை காப்பாற்றி வந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. டஞ்சனுக்குள் (புதிரும் எதிரிகளும் நிறைந்த நிலவறை) நுழை, பாதி வழியில் பெரிய பெட்டியைத் திற, புதுக் கருவியை எடு, அதே கருவியால் பாஸை, அதாவது கடைசியில் நிற்கும் பெரிய எதிரியை, வீழ்த்து என்பதுதான் பழைய வழக்கம். இதிலோ ராவியோ என்ற முயல்தொப்பிக்காரன் கதாநாயகன் லிங்க்கின் வீட்டிலேயே வந்து குடியேறி, கடையும் போட்டுவிடுகிறான். (அவன் யார் என்பதைச் சொல்லமாட்டேன், ஆடாதவர்கள் அதைத் தாங்களே தெரிந்துகொள்ள வேண்டும்.) கருவிகள் அநேகமாக எல்லாமே அவன் கடையில் வரிசையாக இருக்கும். சில பத்து ரூப்பி (ஆட்டத்துக்குள் புழங்கும் காசு) கொடுத்தால் வாடகைக்குக் கிடைக்கும். பிறகு சொந்தமாகவும் வாங்கலாம், ஆனால் விலை ஒவ்வொன்றும் பல நூறு ரூப்பி.

எது நல்ல முறை என்று கேட்டால், பழைய ஆட்டக்காரர்கள் பலர் யோசிக்காமல் பெட்டி என்பார்கள். "தேடி எடுத்தால்தான் அது நம்முடையது." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தூய்மை தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. 1986இல் வந்த முதல் செல்டாவிலேயே வில் முதல் டஞ்சனில் கிடைக்கும், அம்பைக் கடையில் 80 ரூப்பிக்கு வாங்க வேண்டும். அதோடு முடியவில்லை, எய்யும் ஒவ்வோர் அம்புக்கும் ஒரு ரூப்பி கழியும். சேதத்தைப் பாதியாக்கும் நீல மோதிரம் 250 ரூப்பி. பையில் மொத்தமே 255 ரூப்பிதான் கொள்ளும் என்பதை நினைத்தால், அதை வாங்கியவன் நிலை புரியும். 1993இல் வந்த 'லிங்க்ஸ் அவேக்கனிங்'கில் வில்லே கடைச்சரக்கு, விலை 980. கடைக்காரர் பார்க்காத நேரத்தில் எடுத்துக்கொண்டு ஓடவும் முடியும். ஓடினால் அதற்குப் பிறகு எல்லோரும் உங்களைத் 'திருடன்' என்றே கூப்பிடுவார்கள், மறுபடி அந்தக் கடைக்குள் கால் வைத்தால் கடைக்காரர் மின்னல் பாய்ச்சிக் கொன்றுவிடுவார். ஆக, கடையும் பெட்டியும் அன்றே பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. ராவியோ புதிதாகக் கொண்டுவந்தது, எடுத்ததைத் திருப்பிப் பிடுங்கும் ஏற்பாட்டைத்தான்.

தேடி எடுப்பதன் சுகம் எங்கே இருக்கிறது? பெட்டியைத் திறக்கும் அந்த நொடியில் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பெட்டிக்கு வெகு முன்பே தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தைப் பார்த்திருப்போம், தாண்ட முடிந்திருக்காது. ஒரு பாறை, நகர்ந்திருக்காது. எதிர்க்கரையில் ஏதோ மின்னும். இதெல்லாம் மனதின் ஒரு மூலையில் தீராத கணக்காகக் கிடக்கும். கொக்கிக் கயிறு கைக்கு வந்ததும் அந்தக் கணக்குகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும் பாருங்கள், சுகம் அங்கேதான். மெட்ராய்டு என்ற இன்னோர் ஆட்ட வரிசை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. 1986இன் முதல் மெட்ராய்டு ஆரம்பித்ததும் எல்லோரும் பழக்கத்தில் வலப்பக்கம் போவார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு தாழ்ந்த சந்து வழியை அடைக்கும். திரும்பி இடப்பக்கம் வந்தால் உடலை உருண்டையாகச் சுருட்டும் சக்தி அங்கே காத்திருக்கும். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. வந்த வழியே திரும்பிப் போகலாம், போகவும் வேண்டும் என்று அந்த ஒரே இடத்தில் ஆட்டம் நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

வாடகைக் கடை அடிப்பது இந்த ஞாபகத்தின் மீதுதான். பள்ளத்தைப் பார்த்த அன்றே கொக்கிக் கயிறு பையில் இருந்தால், அது பள்ளமே இல்லை, பாதையில் ஒரு மேடு பள்ளம், அவ்வளவுதான். 'எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்' இதை இன்னும் மோசமாக்கும் ஒரு வேலையும் செய்கிறது: டஞ்சன் வாசலில் எந்தக் கருவி வேண்டும் என்று படம் போட்ட பலகையை நட்டுவைத்திருக்கிறது. சுத்தியல் படம் இருந்தால் சுத்தியல் கொண்டுவர வேண்டும். கேள்வியும் விடையும் ஒரே தாளில் அச்சான பரீட்சை போல.

பலகை இல்லாமல் விட முடியாதா என்றால், முடியாது. எந்த டஞ்சனுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்ட பிறகு, போகிறவன் கையில் என்ன இருக்கும் என்பது வடிவமைப்பாளருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு டஞ்சனும் அநேகமாக ஒரே ஒரு கருவியை மட்டும் நம்பிக் கட்டப்படுகிறது. பனிக்கட்டி டஞ்சனுக்கு நெருப்புக் கோல், ஆமைப்பாறைக்குப் பனிக்கோல், சதுப்பு அரண்மனைக்குக் கொக்கிக் கயிறு. நெருப்பையும் கயிற்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் திறக்கும் பூட்டு என்று எதையும் துணிந்து வைக்க முடியவில்லை. பழைய ஆட்டங்களின் கடைசி டஞ்சன்கள் அதுவரை சேர்த்த எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்கும். அந்த ஏற்றம் இங்கே பெரும்பாலும் இல்லை. முதலில் போனாலும் ஆறாவதாகப் போனாலும் ஒரே கனம்.

இவ்வளவும் சொன்ன பிறகு நான் பெட்டிக் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டி முறைக்கு ஒரு பழைய நோய் உண்டு. 2006இன் 'டுவைலைட் பிரின்சஸ்' ஆட்டத்தில் பாலைவன டஞ்சனில் சுழல்தட்டு ஒன்று கிடைக்கும். அதில் ஏறிச் சுவரின் பள்ளத்தில் பல்சக்கரம்போல் ஓடலாம். அந்த டஞ்சனின் பாஸ் சண்டை, செல்டா வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று. வெளியே வந்த பிறகு? அங்கங்கே இரண்டொரு சுவர். அதோடு சரி. ஆட்டம் முடியும்வரை பையில் ஓரமாகக் கிடந்தது. 'சம்பாதித்தோம்' என்று பெருமையாகச் சொல்கிறோம், உண்மையில் அந்த டஞ்சனைச் சுற்றிப் பார்க்கும் நேரத்துக்குத் தந்த வாடகைச் சாமான்தான் அது. ரசீது மட்டும் இல்லை.

இன்னொன்று, மாட்டிக்கொள்வது. வரிசைப்படி போகும் ஆட்டத்தில் நான்காவது டஞ்சனில் ஒரு புதிர் பிடிபடவில்லை என்றால் ஆட்டமே அங்கே நின்றுவிடும். வாடகை முறையில் "இது இன்றைக்கு வேண்டாம்" என்று வேறு டஞ்சனுக்கு நடையைக் கட்டலாம். லோரூல் என்ற மறு உலகில் ஏழு டஞ்சன்கள். ஒன்றிரண்டு நிபந்தனைகள் தவிர, வரிசை நம் விருப்பம். பாதியில் கைவிட்டு அலமாரிக்குப் போன ஆட்டங்கள் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பணத்துக்கு உயிர் வந்ததும் இங்கேதான். பல செல்டா ஆட்டங்களில் பை சீக்கிரம் நிரம்பிவிடும், செலவழிக்க வழியிருக்காது. புல்லை வெட்டி ரூப்பி பொறுக்குவது வெறும் பழக்கதோஷம். ராவியோ வந்த பிறகு ஒவ்வொரு ரூப்பிக்கும் வேலை இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை கொடுக்கிறோம். கருவிகள் கடைக்குப் போய்விட்டதால், பெட்டிக்குள் வைக்கப் பெரும்பாலும் பணம்தான் மிச்சம். கஷ்டப்பட்டு ஒரு குகையைத் தீர்த்து, பெட்டியைத் திறந்தால் நூறு ரூப்பி. பயன் உண்டு, பரவசம் இல்லை. நீல அங்கி, ஹைலியன் கேடயம் போன்றவற்றை டஞ்சன் பெட்டிகளில் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல்.

சரி, அந்தப் பறவைக்கு வருவோம். வாடகையின் உண்மையான பலம் சுதந்திரத்தில் இல்லை, பயத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஐந்து சாமான் இரவல் வாங்கிக்கொண்டு மலையேறும்போது நடையே மாறிவிடுகிறது. இரண்டு இதயம் (உயிரின் அளவு) மட்டும் மிச்சமிருக்கும்போது, இன்னொரு அறையைப் பார்த்துவிடலாமா என்ற ஆசைக்கும், விழுந்தால் மொத்தமும் போகுமே என்ற கணக்குக்கும் நடுவே கை நிற்கும். குப்பியில் ஒரு தேவதையைப் பிடித்து வைத்திருந்தால் அது உயிர் கொடுத்துவிடும், பறவை வராது. அதனால் தேவதைக்குக் காப்பீட்டின் மதிப்பு வந்துவிட்டது. முதல் மூன்று நான்கு மணி நேரம் இது அற்புதமாக வேலை செய்கிறது.

பிறகு கெட்டுப்போகிறது. காரணம் வாடகை என்ற யோசனை இல்லை, ஆட்டத்தின் தாராளம். எதிரிகள் அவ்வளவாக அடிப்பதில்லை, ரூப்பியோ கொட்டுகிறது. விழுந்தாலும் வீட்டுக்குப் போய் மறுபடி வாடகை கட்டினால் முடிந்தது. பாதி ஆட்டம் தாண்டுவதற்குள் முக்கியமானவற்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டேன். ஆட்டமும் அதைத்தான் தூண்டுகிறது: மாயமாய் என்ற நத்தை போன்ற குட்டிகள் உலகமெங்கும் நூறு ஒளிந்திருக்கின்றன, பத்துப் பத்தாகக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தால் ஒரு கருவியை மேம்படுத்தித் தரும், ஆனால் சொந்தக் கருவியை மட்டும்தான். குடித்தனக்காரன் வீட்டுக்காரன் ஆன நாளில் பயமும் காலியானது. அதன்பின் அந்தப் பறவையை நான் பார்க்கவே இல்லை. ஆட்டத்தை ஒருமுறை முடித்த பிறகு திறக்கும் 'ஹீரோ' நிலையில் அடி நான்கு மடங்கு விழும். வாடகை ஒப்பந்தத்துக்குப் பல் முளைப்பது அங்கேதான், ஆனால் அதுவரை எத்தனை பேர் போவார்கள்?

இழப்பை இதைவிட நன்றாகச் செய்தது 2017இன் 'ஹாலோ நைட்' என்ற ஆட்டம். அதில் கருவிகளைத் தொடமாட்டார்கள். செத்தால் கையிலிருந்த காசு போகும், ஆனால் செத்த இடத்திலேயே நம் நிழல் அதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். போய்ச் சண்டையிட்டு மீட்க வேண்டும். வழியில் இன்னொரு முறை செத்தால் காசு போனது போனதுதான். ராவியோவின் தண்டனை நம்மைக் கடைக்கு இழுக்கிறது, ஹாலோ நைட்டின் தண்டனை தோற்ற இடத்துக்கே திரும்ப இழுக்கிறது. தேடி அலையும் ஆட்டத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

அதே 2017இல் செல்டாவும் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' மூலம் இரண்டு முறைகளையும் போட்டுக் கலக்கியது. முக்கியமான சக்திகளைத் தொடக்கத்துப் பீடபூமியிலேயே கொடுத்துவிடுகிறது. ராவியோவின் கடை தந்த அதே சுதந்திரம், கடையே இல்லாமல். ஆயுதங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும், ஆனால் எடுத்ததெல்லாம் உடையும். பதின்மூன்று இதயம் சேர்த்தால்தான் பிடுங்க முடியும் மாஸ்டர் வாள்கூட, சக்தி தீர்ந்ததும் பத்து நிமிடம் ஓய்வெடுக்கப் போய்விடும். எல்லாமே வாடகை, தவணை தேதி மட்டும் தெரியாது! விளைவு, நல்ல வாளை உடைந்துவிடுமோ என்று கடைசிவரை எடுக்காமலே பதுக்கிவைத்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு முறையும் ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்ந்த இடம் ஒன்று 'எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்'இலேயே இருக்கிறது, பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மணற்கோல் மட்டும் தொடக்கத்தில் கடையில் இருக்காது. ஓஸ்ஃபாலா என்பவன் நமக்கு முன்பே அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான், போனவன் மாட்டிக்கொண்டான். திருடர்கள் பதுங்கும் டஞ்சனை முடித்து அவனை மீட்டால்தான் கோல் கடைக்குத் திரும்பும், அதற்குப் பிறகுதான் பாலைவனத்தின் கதவு திறக்கும். காலியாக இருந்த அந்த ஓர் இடத்தைப் பார்த்துத்தான் நான் அந்தக் கடையில் முதல்முறையாக யோசித்தபடி நின்றேன். மற்ற கருவிகளில் இன்னும் மூன்று நான்கையாவது இப்படி வேறு யாரோ எடுத்துப் போயிருக்கலாம்.