ரூ.2,149 போயிற்று: மலிவு விலையில் கேம் கீ வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

நேற்று இரவு 11 மணிக்கு, நான் கேம் கீ வாங்கிய தளத்திலிருந்து வந்த கடைசி மின்னஞ்சலைப் படித்த பிறகு தூக்கம் போய்விட்டது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ரூ.2,149. இது ஒரு தொகையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அது ஒன்றரை நாள் சம்பளம்.

தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வழக்கு, வக்கீல் என்று அலைய எனக்குத் தெம்பில்லை. வகையை மட்டும் சொல்கிறேன். அது கடையே இல்லை. யார் யாரோ கொண்டுவந்து விற்கும் கீக்களுக்கு, அதாவது தட்டினால் விளையாட்டு நம் கணக்கில் ஏறும் ரகசியக் குறியீடுகளுக்கு, இடம் கொடுத்துவிட்டு, நடுவில் கமிஷன் வாங்கிக்கொள்ளும் சந்தை. இது போன்ற இடங்களில் எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

அண்ணன் மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினான். என்ன வேண்டும் என்றதற்கு ஒரு கணினி விளையாட்டைக் கேட்டான். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் அதன் விலை ரூ.3,999. இந்தச் சந்தையில் ரூ.2,149. விற்பவருக்கு 98 சதவீத நல்மதிப்பு, பதினோராயிரத்துக்கும் மேல் விற்பனை. அரட்டைப் பெட்டியில் ஒரு கேள்வி கேட்டேன், அரை நிமிடத்தில் பதில் வந்தது: "கவலை வேண்டாம் நண்பரே, கீக்கு ஆயுள் முழுவதும் உத்தரவாதம்." நண்பரே என்ற அந்த ஒரு சொல்லில் விழுந்தேன்.

அதைவிட, என் அரைகுறை அறிவில் விழுந்தேன் என்பதே சரி. இந்த வியாபாரத்தைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறவன் நான். 2003இல் வால்வ் நிறுவனம் தொடங்கிய ஸ்டீம், விற்பனையில் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். 2018 நவம்பர் கடைசியில், ஒரு விளையாட்டின் வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேலுள்ள விற்பனைக்கு 25 சதவீதம், 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதம் என்று இறங்கிவந்தது. அடுத்த வாரமே எபிக் என்ற போட்டி நிறுவனம் தன் கடையைத் திறந்து, எங்களுக்கு 12 போதும் என்றது. கூடவே இலவச விளையாட்டுகளை வேறு அள்ளி வீசியது. 2020 மே மாதம் ஜிடிஏ 5ஐ இலவசமாகக் கொடுத்த அன்று கூட்டம் தாங்காமல் எபிக் தளமே படுத்துவிட்டது. அன்று பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். விளையாட்டை உருவாக்குபவர்களே ஸ்டீமிடம் கீக்களைக் கேட்டுப் பெற்று வெளிக்கடைகளில் விற்கலாம், அந்த விற்பனையில் ஸ்டீம் பங்கு கேட்பதில்லை என்பதும் தெரியும். நேர்மையான சில கடைகள் அப்படித்தான் விலையைக் குறைக்கின்றன.

ஆகவே ரூ.2,149ஐப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கடைக்குக் கடை போட்டி, யாரோ கமிஷனை விட்டுக்கொடுக்கிறார்கள், நமக்கு லாபம் என்று நினைத்தேன். ரூ.3,999இல் 30 சதவீதம் ஏறத்தாழ ரூ.1,200. மொத்தக் கமிஷனையும் தானம் செய்தால்கூட விலை ரூ.2,800க்குக் கீழே வராது. அப்போது தள்ளுபடி விற்பனையும் எதுவும் நடக்கவில்லை. மீதி ரூ.650 யார் தலையில் விழுகிறது? இந்தக் கழித்தல் கணக்கைப் பணம் போன பிறகுதான் போட்டேன்.

பணம் கட்டும் பக்கத்தில் 'வாங்குபவர் பாதுகாப்பு, ரூ.99' என்ற கட்டத்தில் அவர்களே டிக் அடித்து வைத்திருந்தார்கள். பெரிய கெட்டிக்காரன் போல அதை எடுத்துவிட்டேன்.

கீ வந்தது. ஐந்தைந்து எழுத்தாக மூன்று தொகுதி. வீடியோ அழைப்பில் நான் படிக்கப் படிக்கப் பையன் தட்டினான். ஓ என்ற எழுத்தா, பூஜ்யமா என்று ஓரிடத்தில் குழம்பி, இரண்டாம் முறையில் ஏறியது. அவன் குதித்ததில் கைபேசி கீழே விழுந்தது.

பத்தொன்பதாம் நாள், ஞாயிறு காலை 7 மணிக்கு அழைத்தான். "சித்தப்பா, விளையாட்டைக் காணோம்." இணையம் வரவில்லையோ என்னவோ, மறுபடி திறந்து பார் என்றேன். திரையைப் படம் எடுத்து அனுப்பினான். அவன் பட்டியலில் அந்தப் பெயர் இருந்த வரியே இல்லை. 31 மணி நேரம் விளையாடியிருந்தான். கீ ரத்து செய்யப்பட்டிருந்தது.

இதில் புதிதாக எதுவும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். திருட்டு கார்டில் கீக்களை மொத்தமாக வாங்கி இங்கே விற்றுவிடுவார்கள். கார்டின் சொந்தக்காரர் புகார் செய்ததும் வங்கி பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், வெளியீட்டாளர் கீயை ரத்து செய்வார். 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் என்ற வெளியீட்டு நிறுவனம், ஃபார் க்ரை 4 என்ற தன் விளையாட்டின் கீக்களை இப்படித்தான் ரத்து செய்தது. ஏற்கெனவே விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் பிறகு திரும்பக் கொடுத்தது. அந்த நப்பாசையில் நானும் எங்கள் விளையாட்டின் வெளியீட்டாளருக்கு எழுதினேன். வாங்கிய இடத்தில் கேளுங்கள் என்று ஒரே வரி. ஸ்டீமில் நேரடியாக வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். வெளியே வாங்கிய கீக்கு அதுவும் கிடையாது. அங்கே போய்க் கேட்க எனக்கு முகமும் இல்லை.

சந்தைத் தளத்தின் கதைக்கு வருகிறேன். முதலில் பேசியது இயந்திரம். பிறகு வந்த ஊழியர் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். தேதி தெரியும்படி வீடியோ கேட்டார், எடுத்து அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, விற்பவரிடம் கேளுங்கள் என்றார். ஆயுள் முழுவதும் உத்தரவாதம் கொடுத்த நண்பர், "கீ வேலை செய்தது அல்லவா" என்று எழுதிவிட்டுப் புகாரை மூடினார். மறுபடி திறந்தேன். இம்முறை வேறு ஒருவர், வேறு பெயர், முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். ரூ.99 கட்டிப் பாதுகாப்பு எடுக்கவில்லையே என்று அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். நல்லெண்ண அடிப்படையில் அடுத்த கொள்முதலுக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறாராம், ஏழு நாள் செல்லுமாம். என் ரூ.2,149ஐ விழுங்கிய வாயிலேயே இன்னும் ஒரு கவளம் ஊட்ட வேண்டுமாம்!

இந்தியாவில் இணைய வணிகம் செய்பவர்கள் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும், புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பக்கத்தின் அடிவரை போய்த் தேடினேன். நிறுவனத்தின் பூனைச் சின்னம் இருக்கிறது, அதிகாரி இல்லை. நேற்றிரவு வந்த மின்னஞ்சல்: "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது."

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், ஆனால் காலை வேலைக்குக் கிளம்ப வேண்டும். சுருக்கமாக: நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், விற்பது கடையா, கடைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளா என்று பாருங்கள். விளையாட்டை உருவாக்கியவர்களின் சொந்தப் பக்கத்தில் எந்தக் கடைகளின் பெயர் இருக்கிறதோ அங்கே மட்டும் வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே ஆட்சேபம் எழுப்புங்கள், என்னைப் போல மூன்று வாரம் தளத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்றுதான் அழைக்கப்போகிறேன்.

பையனிடம், விளையாட்டு திரும்ப வந்துவிடும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தினமும் ஒரு முறை கேட்கிறான்.